மாப்பிள்ளை வீட்டிலேயே இருக்கிறார்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். அத்தானின் முழங்கால் வலி தேவலையா? இங்கே மாப்பிள்ளையைத் தவிர எல்லோரும் நலம். போனில் சொல்லலாம் என்றால் மனுஷன் எந்நேரமும் அடுத்த அறையிலேயே இருக்கிறார். அதனால்தான் கடிதம்.

நீ பார்த்து முடித்த மாப்பிள்ளை, தங்கமான பிள்ளைதான். ஆனால் நான் மகள் வீட்டுக்கு வந்த நாளாக அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் பார்க்கவில்லை. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் சட்டை. கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரோடு பேசுகிறார், சிரிக்கிறார். "வீட்லேர்ந்தே வேலைப்பா" என்கிறாள் மகள். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஆள் வந்து நின்றால்தான் வேலை, இல்லாவிட்டால் ஆப்சென்ட். சும்மாதானே இருக்கிறார் என்று கேஸ் சிலிண்டரை மாட்டச் சொன்னேன், பால் வாங்கிவரச் சொன்னேன், முகம் சுளிக்காமல் செய்தார். வேலை உள்ளவன் இப்படிச் செய்வானா? கீழ்வீட்டுக்காரர் வேறு, "உங்க மாப்பிள்ளைக்கு வேலை போயிடுச்சாமே?" என்று கேட்டுவைத்தார். பாவம், மகளிடம் சொல்ல வெட்கப்பட்டு நடிக்கிறார் என்று நானே முடிவுகட்டி, டிப்போவில் கையைக் காலைப் பிடித்து ஒரு வேலை பேசிவிட்டு, நேராக அவர் அறைக்குள் போய்த் தோளைத் தொட்டு, "மாப்பிள்ளை, எதையும் மறைக்காதீங்க. இந்த வேலை போனா போகட்டும். வேற இடத்துல பேசி முடிச்சுட்டேன், திங்கக்கிழமை வரச் சொல்றாங்க" என்றேன். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஓர் அம்மாள், "எங்களை விட்டுட்டுப் போறீங்களா?" என்று அலறினார். குனிந்து பார்த்தால் வரிசையாகத் தலைகள். அந்த அம்மாள்தான் மேலதிகாரியாம்!

பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன். அவரோ என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "இவர் என் மாமனார். நான் எங்கயும் போகலை. ஆனா எனக்கு வேலை போனா இவர் இருக்கார்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். தலைகளெல்லாம் கைதட்டின. எனக்குக் கண் கலங்கிவிட்டது அக்கா.

இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பதெல்லாம் ஒரு வேலையா? நீ ஒரு நடை வந்து பக்குவமாக எடுத்துச் சொல்லு.

அத்தானுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசி.

உன் அன்புத் தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள், பேசிய வேலையை வீணாக்குவானேன் என்று நானே சேர்ந்துவிட்டேன். பஸ் நேரம் கேட்பவர்களுக்குப் போனில் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே சொன்னால் போதுமாம். ஆகவே நீ வர வேண்டாம், பகலில் போனும் செய்யாதே. மாப்பிள்ளை தன் பக்கத்திலேயே எனக்கும் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார். நேற்று மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, சும்மாதானே இருக்கீங்க, பால் வாங்கிட்டு வாங்க" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! மாப்பிள்ளைதான் சத்தம் போடாமல் எழுந்து போய் வாங்கிவந்தார்.