அசல் துரு

அமெரிக்காவில் ஒரு கார் மூன்று பிறவி எடுக்கிறது. முதலில் அது கார். பிறகு பழைய இரும்பு. அதையும் தாண்டிக் கிடந்தால் பொக்கிஷம். இரண்டாம் பிறவி முடிந்து மூன்றாவது தொடங்கும் நேரம் சாதாரண மனிதக் கண்ணுக்குத் தெரியாது என்பதால், ஒஹாயோவில் பிரைஸ்பர்க் ஊர் நிர்வாகம் அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஓர் ஆய்வாளரை நியமித்திருந்தது. அவர் பெயர் டுவேன் பிக்கெட்.

வென்டெல் கிரான்ட்ஸிடம் இருந்தது 1970-ஆம் வருடத்து நோவா கார். சின்ன உடம்பு, அதற்குள் லாரிக்குப் போதுமான இன்ஜின். இருபத்திரண்டு வயதில் இதே போல ஒன்றை வைத்திருந்தார். முதல் குழந்தை பிறந்ததும் விற்றுவிட்டு, பெட்டி மாதிரி ஒரு குடும்பக் கார் வாங்கினார். அதில் வருத்தமே இல்லை என்று நாற்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தார். சுத்தப் பொய். போன மாதம் ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டகையில் இந்த நோவாவைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது; ஓடாத வண்டி என்று தெரிந்தும் வாங்கிவிட்டார். ஒரே ஒருமுறை ஆற்றோரச் சாலையில் இதை ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

வண்டி வாசலுக்கு வந்த நான்காம் நாள் டுவேன் வந்து கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார்.

"மிஸ்டர் கிரான்ட்ஸ், நாலு டயர்லயும் காத்து இல்ல. நம்பர் பிளேட் இல்ல. மூணு நாளா அசையாம நிக்குது. சட்டப்படி இது குப்பை."

"என் மச்சான்கூடத்தான் மூணு நாளா சோபாவுல அசையாம கெடக்கான்."

"அவர் வீட்டுக்குள்ள இருக்கார். எங்க அதிகாரம் வாசல் வரைக்கும்தான்." டுவேன் பேனாவை மூடினார். "முப்பது நாள் டைம். வண்டி ஓடணும். இல்ல, இது சரித்திரச் சின்னம்னு நோவா பாதுகாப்புச் சங்கத்துல ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. ரெண்டும் இல்லன்னா இழுத்துட்டுப் போயிருவோம்."

இன்ஜின் சாமான் வர மூன்று மாதம் ஆகும். எனவே சர்டிபிகேட்தான் வழி. சங்கத்துக்காரர்கள் பார்க்க வருகிறார்களே, அழுக்காக இருந்தால் மரியாதை இல்லை என்று வென்டெல் வாளியில் சோப்பு நுரையுடன் வண்டியைக் கழுவத் தொடங்கினார். பானட்டில் பாதி முடிந்தபோது, நோவா பாதுகாப்புச் சங்கத்தின் தலைவரும் தலைமை நடுவருமான ரஸ்ஸல் ஆட்டிங்கர் வந்து சேர்ந்தார். வாளியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க வென்டெல்! அது அசல் தூசி."

"தூசிதானே சார்."

"நாப்பது வருஷத் தூசி. போன வருஷம் வரைக்கும் எல்லாரும் பளபளன்னு பெயின்ட் அடிச்சாங்க. இப்ப அதெல்லாம் யாரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. கைபடாத வண்டிக்குத்தான் மதிப்பு." அவர் பின் கதவைத் திறந்தார். "சீட்ல எலிக்கூடு இருந்த அடையாளம் தெரியுதே, கூடு எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்."

ஆட்டிங்கர் கதவை மெதுவாகச் சாத்தி, அதன் மேல் கை வைத்து நின்றார். மரணச் செய்தி கேட்டவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

ஆனால் சங்கம் இரக்கமற்றது அல்ல. அதே கொட்டகையிலிருந்து தூசி கொண்டுவந்து மீட்டெடுக்க விதிகளில் இடம் இருந்தது. கார் நின்ற மூலையின் தூசிதான் செல்லும். மனைவி லோர்னா ஸ்டூல் மேல் ஏறி நின்று, மாவு சலிக்கும் சல்லடையால் பானட்டின் மீது தூவினாள்.

"கல்யாணமாகி நாப்பத்தோரு வருஷமா உன் தூசியைத் தொடைச்சேன்," என்றாள். "இப்போ கொட்டிக்கிட்டு இருக்கேன்."

எலிக்கூடு குப்பைத் தொட்டியிலிருந்து மீட்கப்பட்டுப் பழைய இடத்தில் வைக்கப்பட்டது. படிவத்தில் "எலி" என்ற கட்டத்தில் ஆட்டிங்கர், "தற்சமயம் வெளியே சென்றுள்ளது" என்று நேர்மையாக எழுதினார். இருபத்தெட்டாம் நாள் சர்டிபிகேட் வந்தது. டுவேன் தொப்பியைக் கழற்றிவிட்டு அதை வாசித்தார்.

"சந்தோஷம். இனி இதை யாரும் இழுத்துட்டுப் போக முடியாது. நீங்களும் ஒண்ணும் செய்ய முடியாது. காத்தடிக்கக் கூடாது, ரிப்பேர் பண்ணக் கூடாது. கீழ போட்டிருக்கு பாருங்க."

"அப்ப எப்ப சார் ஓட்டறது?"

"சரித்திரத்தையா?" என்றார் டுவேன், உண்மையான குழப்பத்துடன்.

சர்டிபிகேட் ஆசையில் அந்தத் தெருவே மாறிப்போனது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் தன் பளபளத்த நோவாவை மழையில் நிறுத்தினார். எதிர்வீட்டு டார்லீன் தன் வண்டிக் கதவில் துரு பிடிக்க உப்புத் தண்ணீர் தெளித்துவிட்டு, தினமும் காலையில் வந்து பார்த்தாள். ஆகஸ்டுக்குள் பதினொரு வாசல்களில் பதினொரு சரித்திரச் சின்னங்கள் நின்றன. வேலைக்கு எல்லோரும் வேறு வண்டியில் போனார்கள்.

செப்டம்பரில் இன்ஜின் சாமான் வந்தது. வென்டெல் மூன்று நாள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் சர்டிபிகேட்டை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு ஸ்பானரை எடுத்தார். அடுத்த ஞாயிறு டயரில் காற்றும் பின்னால் பிளேட்டும் ஏறின. சாவியைத் திருப்பியதும் நோவா செருமியது, புகை கக்கியது, பிறகு தெருவே அதிரும்படி உறுமியது. வென்டெல் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆற்றோரச் சாலையில் இரண்டு மைல் போவதற்குள் பின்னால் டுவேனின் வண்டி விளக்கடித்தது. பக்கத்தில் ஆட்டிங்கர். தெருவில் யாரோ போன் போட்டிருக்கிறார்கள்.

"என்னன்னு எழுதறது?" என்றார் டுவேன், நோட்டைப் புரட்டியபடி. "ஓடுது, அதனால குப்பை இல்ல. கைபட்டிருச்சு, அதனால சின்னமும் இல்ல. மூணாவதா கட்டமே இல்லையே."

"கார்னு எழுதுங்க சார்," என்றார் வென்டெல்.

ஆட்டிங்கர் அதற்குள் இன்ஜின் பக்கம் போய் நின்றிருந்தார். சத்தத்தைக் கேட்டபடியே நின்றார். "என்கிட்ட ஒம்பது நோவா இருக்கு," என்றார் மெல்ல. "இருபத்தாறு வருஷம். ஒண்ணைக்கூட நான் ஓட்டினதில்ல. ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா வென்டெல்?"

வென்டெலுக்கு மனம் இளகிவிட்டது. இப்படிப்பட்டவர்களைப் பார்த்தா இத்தனை நாள் பயந்தோம் என்று தோன்றியது. எட்டி அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"தாராளமா ஏறுங்க சார். ஷூவை மட்டும் கழட்டிருங்க," என்றார். "அப்புறம், அந்த சீட்ல உக்காந்துராதீங்க. அது ஒரிஜினல்."