மர்ரே இங்கேதான் இருக்கிறார்

“உங்க மனைவி நோவா ஸ்கோஷியாவில குடியிருக்காங்க, கண்ணு. நீங்கதான் இல்ல” என்றாள் மாகாண அரசு அலுவலகக் கவுன்டருக்குப் பின்னால் இருந்த நோரீன்.

மர்ரே டோபின் பக்கத்தில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஐலீன், இலவச வைத்தியத்துக்கு மாகாணம் தரும் புது ஹெல்த் கார்டின் ரசீதைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேரும் ஒரே வீட்லதாம்மா இருக்கோம். ஒரே கட்டில்லதான் படுக்கறோம்!”

“கட்டிலுக்கு பில் வராதே, கண்ணு. கரண்டுக்குத்தான் வரும். அது அவங்க பேர்ல இருக்கு. வாடகைப் பத்திரமும் அவங்க பேர்லதான்.”

உண்மைதான். கரண்டு கம்பெனிக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்தது ஐலீன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் ஐலீன். அப்போதெல்லாம் மர்ரே, பெட்டி பிரிக்கிறேன் பேர்வழி என்று டி.வி.யில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மாகாணத்தை விட்டே தள்ளிவைப்பார்கள் என்று அவர் கனவா கண்டார்?

ஒன்டாரியோ மாகாணத்து ஹாமில்டன் நகரத்தில் முப்பத்தெட்டு வருஷம் பஸ் மெக்கானிக்காக இருந்தவர் மர்ரே. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். அங்கே அவரைப் பார்த்துவந்த டாக்டர் ஓய்வு பெற்று நான்கு வருஷமாகியும் வேறொருவர் அகப்படவில்லை. நோவா ஸ்கோஷியாவில் கோல்டர்ஸ் கோவ் என்ற மீன்பிடிக் கிராமத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார், புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிறார் என்று ஐலீனின் தங்கை சொன்னதுதான் தாமதம், மர்ரே மூட்டை கட்டிவிட்டார். கல்யாணத்துக்குக்கூட அவர் அவ்வளவு அவசரப்பட்டதில்லை.

டாக்டர் மக்பீ தங்கமான மனிதர். “கார்டைக் கொண்டாங்க, அன்னிக்கே உங்க ரெண்டு பேரையும் லிஸ்ட்ல சேர்த்துடறேன். கடைசி ரெண்டு இடம், உங்களுக்குத்தான்” என்று கையடித்துச் சொல்லியிருந்தார். ஹாமில்டனிலிருந்து கொண்டுவந்த மாத்திரை மூன்று மாதத்துக்கு வரும். அதற்குள் கார்டு வரவேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

“டிரைவிங் லைசன்ஸை இந்த மாகாணத்துக்கு மாத்திடுங்க கண்ணு, அதுவே அத்தாட்சியாயிடும்” என்று நோரீன் வழி சொன்னாள்.

அடுத்த கவுன்டரிலேயே வேலை முடிந்தது. ஒன்டாரியோ லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார்கள். நிஜ லைசன்ஸ் தபாலில் வர மூன்று நாலு மாதமாகுமாம். மர்ரே வெற்றிவீரராக நோரீனிடம் திரும்பி வந்தார்.

“இதுல படம் இல்லையே, கண்ணு.”

“படம் போட்டதைத்தான் அவங்க புடுங்கிக்கிட்டாங்களே!”

“அடடா. அது இருந்தாலாவது நீங்க யாருன்னு தெரிஞ்சிருக்கும். பாஸ்போர்ட்?”

பாஸ்போர்ட் காலாவதியாகி ஆறு வருஷமாயிற்று. காலையில் ஒன்டாரியோக்காரராக உள்ளே போன மர்ரே, மத்தியானம் ஊரும் இல்லாமல் பேரும் இல்லாமல் வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கரண்டு பில்லைத் தன் பேருக்கு மாற்றிவிட்டால்? ஐலீன் தோட்டத்தில் இருந்த நேரம் பார்த்துப் போன் செய்தார். ஐலீனின் பேரை எடுப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மர்ரேயின் பேரைச் சேர்ப்பதற்கு, படம் போட்ட அத்தாட்சி வேண்டும் என்றார்கள்.

மறுவாரம் ஐலீனுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் கொடுத்த முகவரியில் யாரும் குடியில்லை என்று தெரியவந்திருப்பதால் அவளுடைய கார்டு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதாம்.

“நான் சிவனேன்னுதானே இருந்தேன்? எனக்குக் கிடைச்சதையும் கெடுத்துட்டியே, பாவி!” என்றாள் ஐலீன். அன்று இரண்டு வேளையும் ஆறிப்போன சூப்புதான்.

மர்ரே நாற்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு மறுபடி நோரீனிடம் போனார். அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. எரிந்து விழுந்தாலாவது திருப்பிக் கத்தலாம். கண்ணு, கண்ணு என்கிறவளை என்ன செய்வது?

“ஒண்ணு செய்யலாம். ஊர்ல மதிப்பான ஒருத்தர்கிட்ட, நீங்க இன்னார்தான், ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்கன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. பாதிரியார், டாக்டர் மாதிரி.”

பாதிரியார், “உங்களைச் சர்ச்சுல பார்த்ததே இல்லையே” என்று கையை விரித்துவிட்டார். டாக்டர் மக்பீ உடனே பேனாவை எடுத்தார். மர்ரேக்குக் கண் கலங்கிவிட்டது. அதே வேகத்தில் மனத்தில் இருந்ததையும் கொட்டித் தீர்த்தார்.

“ஹாமில்டன்ல இப்படியா, டாக்டர்? நீ யாரு, எந்த வீடுன்னு ஒரு நாய் கேக்காது. லிஃப்ட்ல பன்னண்டு வருஷம் என்கூட வந்தவன் பேரே எனக்குத் தெரியாது!”

டாக்டரின் பேனா நின்றது. “யாருமே உங்ககிட்ட வந்து பேச மாட்டாங்களா?”

“முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாங்க!”

அப்போது ஜன்னல் வழியாக ஒரு தலை நீண்டது. “டாக்டர், சும்மா இருக்கீங்கன்னா என் கால் கட்டைவிரலை ஒரு பார்வை பாருங்களேன்.” டாக்டர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கடிதத்தை நோரீன் படித்தாள். “‘கிலிஸ் வீட்டில் இருக்கிறார்கள்’னு போட்டிருக்காரே.”

“ஊரே அப்படித்தானே சொல்லுது!”

அங்கே முன்பு குடியிருந்த கிலிஸ் செத்து இருபது வருஷமாகியும், ஊரார் வாயில் அது கிலிஸ் வீடுதான். மர்ரே குடிவந்ததை அந்த ஊர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

“எனக்குத் தெரியும், கண்ணு. எங்க சித்தி வீடு அதுக்கு எதிர்லதான். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. கதவு எண் வேணும்.”

மறுபடி டாக்டர். இந்தமுறை அவரே காபி போட்டுக் கொடுத்தார். அவர் முழங்கையருகே யாரோ நன்றிக்கடனாக வைத்துவிட்டுப் போன சிங்கி இறால்கள் வாளியில் நெளிந்தன.

“இதோட இந்த வாரம் மூணாவது வாளி” என்றார் டாக்டர் சலிப்போடு. “அப்புறம் சொல்லுங்க. உங்க ஹாமில்டன் வீட்டுல ஹீட்டர் எப்படி?”

“அதெல்லாம் வாடகையிலயே சேர்த்தி! பனிகூட நாம தள்ள வேண்டாம். ஏழாவது மாடி. பால்கனில நின்னா ஏரி தெரியும்.”

என்ன கரிசனம், தன் கஷ்டத்தை இவ்வளவு பொறுமையாகக் கேட்க ஒரு மனிதர் இருக்கிறாரே என்று மர்ரே நெகிழ்ந்துபோனார்.

இரண்டாவது கடிதத்தில் கதவு எண் இருந்தது. தேதி இல்லை. “என்னிக்கிலேருந்து இருக்கீங்கன்னு போடலையே, கண்ணு.”

மூன்றாம் முறை மர்ரே டாக்டரின் மேஜையைக் குத்தினார். “போதும், டாக்டர்! நான் திரும்பிப் போயிடறேன். அந்த வீடு இன்னும் காலியாத்தான் கிடக்கு. நேத்துகூட வீட்டுக்காரர் பெர்னார்டுகிட்ட பேசினேன். நாளைக்கே வந்தாலும் சாவி தரேன்னார்!”

டாக்டர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அவசரப்பட்டு அப்படி எதுவும் பண்ணிடாதீங்க, மர்ரே. நீங்க இங்கயே இருங்க. உங்க மாதிரி ஆளுங்க இந்த ஊருக்கு வேணும்.”

இந்த நாசமாய்ப்போன ஊரில் தன்னை வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். மர்ரே மனம் மாறினார்.

மூன்றாவது கடிதத்தில் எல்லாமே இருந்தது. நோரீன் எழுந்து நின்று கைதட்டினாள். பக்கத்துக் கவுன்டரும் தட்டியது.

மூன்று வாரம் கழித்து இரண்டு கார்டும் ஒரே உறையில் வந்தன. மர்ரேயின் மாத்திரை டப்பாவில் அப்போது ஒன்பதுதான் பாக்கி. அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டார். ஐலீனுக்குக்கூடக் காத்திராமல் கார்டுகளை எடுத்துக்கொண்டு நேரே கிளினிக்குக்கு நடந்தார்.

வாசலில் உதவியாளர் தெல்மா, ஒரு பூச்செடியையும் நாற்காலி மெத்தையையும் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் இருக்காரா? கார்டு வந்தாச்சு!”

“போயிட்டாரே, சார். நேத்து விடிகாலைல, பிளேன்ல. முன்னாடியே தெரிஞ்சா ஊர்க்காரங்க ரோட்டுல படுத்துடுவாங்கன்னு எங்கிட்டகூடச் சொல்லல.”

மர்ரே படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “போயிட்டாரா? எங்கம்மா போனார்?”

தெல்மா அவர் கையிலிருந்த கார்டை வாங்கிப் பேரைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“ஓ, நீங்கதானா அந்த மர்ரே? ராத்திரி போன் பண்ணினார், உங்களுக்குத்தான் ரொம்ப நன்றி சொல்லச் சொன்னார். ஏழாவது மாடி, ஏரி, பெர்னார்டு, எல்லாம் நீங்க சொன்னபடியே அச்சா இருக்காம்!”