விரிசலுக்கு ஒரு நிபுணர் குழு

பூமியை ஆராயும் விஞ்ஞானிகளை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும் பொருட்டு, கல்வித் துறை ஓர் உத்தரவு பிறப்பித்தது. விஞ்ஞானி நேரில் வர வேண்டும். மாணவர்கள் வியப்படைய வேண்டும். வியப்பு போட்டோவில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

நிலவியல் ஆய்வகத்திலிருந்து கல்லம்மா வந்தாள். எந்நேரமும் பையில் கல்லும் சுத்தியலுமாய்த் திரிவதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். பிள்ளைகளுக்குத் தன் தொழிலைக் காட்டப் போகிறோம் என்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பள்ளிக்கூட வாசலிலேயே கல்வி அதிகாரி மறித்தார்.

"என்னம்மா, வெள்ளைக் கோட்டு எங்கே?"

"நாங்க மலையிலயும் பள்ளத்துலயும் வேலை செய்றவங்க சார். கோட்டெல்லாம் கிடையாது."

"அப்ப விஞ்ஞானின்னு போட்டோவுல எப்படித் தெரியும்?"

பக்கத்துத் தெருப் பல் டாக்டரின் கோட்டு இரவலாக வந்தது. சுத்தியல், ஆயுதம் என்று பறிமுதலானது. கற்களில் மண் ஒட்டியிருந்ததால் சோப்புப் போட்டுக் கழுவி, 'தொடாதே' என்று சீட்டு ஒட்டினார்கள். கல்லம்மாவிடம் மிஞ்சியது வாய் ஒன்றுதான்.

"மண்ணு நகர்ந்தா சத்தம் போடாது கண்ணுங்களா. மரம் சாயும், கதவு இறுகும், சுவர் விரியும். அதைக் கவனிக்கிறதுதான் எங்க வேலை."

ஆறாம் வகுப்பு ரெட்டைச் சடைக்காரி எழுந்தாள். "அந்த பேனருக்குப் பின்னால இருக்கே, அது மாதிரியா மிஸ்?"

கல்லம்மா கூடத்துச் சுவரில் தொங்கிய வரவேற்பு பேனரை விலக்கினாள். கூரை வரை ஒரு விரிசல். விரலை விட்டால் உள்ளே போனது. ஜன்னல் வழியே பார்த்தாள். பின்பக்கக் குன்றின் மரங்களெல்லாம் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்ப்பது போலச் சாய்ந்து நின்றன. அதிகாரியிடம் ஓடினாள்.

"சார், பிள்ளைங்களை உடனே வெளியே அனுப்புங்க. குன்று சரியுது!"

"சரியட்டும்மா. நன்றியுரை இன்னும் முடியலையே."

"விரிசலைப் பாருங்க சார்!"

"விரிசல் ஒன்பதாம் வகுப்புப் பாடம். இவங்க ஆறாவது."

பெற்றோர் உட்கார்ந்திருந்த பின்வரிசையில் ஓர் அப்பா கவலையோடு கையைத் தூக்கினார். அப்பாடா, ஒருத்தருக்காவது உறைத்ததே என்று கல்லம்மாவுக்கு உயிர் வந்தது.

"மேடம், இது பரீட்சைக்கு வருமா?"

அவள் விடவில்லை. அதிகாரி, மேலதிகாரி, அவருக்கும் மேலதிகாரி என்று படியேறி இறங்கினாள். கடைசியில் துறையே அசைந்தது, குன்றைவிடக் கொஞ்சம் மெதுவாக. நிபுணர் குழு அமைந்தது. தலைவி கல்லம்மா. கார் கொடுத்தார்கள், டிரைவரோடு. மறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

குழு அதே கூடத்தில் கூடியது. டீ வந்தது. கூடவே கூரையிலிருந்து ஒரு காரைக்கட்டியும் வந்து அதிகாரியின் கோப்பையில் விழுந்தது. டீ ஆறுவதற்குள் உத்தரவு பிறந்தது: 'மேற்படி கூடம் நிபுணர்களின் பாதுகாப்புக்கு உகந்ததன்று. குழு இனி நகர விடுதியில் கூடும்.'

"பிள்ளைங்க சார்?" என்றாள் கல்லம்மா.

"அவங்களைப் பத்தி முடிவெடுக்கத்தானே மேடம் குழுவே! நீங்க அறிக்கை குடுங்க. அதுவரைக்கும் கூடம் சும்மாதானே கிடக்கும், ஆறாம் வகுப்பு உட்காரட்டும்."

கார் கிளம்பும்போது ரெட்டைச் சடைக்காரி கண்ணாடியைத் தட்டினாள்.

"மிஸ், நாங்களும் வரவா?"

"விஷயம் பரிசீலனையில இருக்கு கண்ணு. ஆவன செய்யப்படும்."

சொன்னது தன் வாய்தானா என்று கல்லம்மாவுக்கு ஒரு கணம் திக்கென்றது. ஏசி வீணாகிறதே என்று கண்ணாடியை ஏற்றினாள்.