வலையும் வளையும்

"சுப்புராயனுக்குச் சூளையத் தெரியும், ஆளுங்களத் தெரியாது."

டீக்கடையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னார். சுப்புராயன் நான்தான். பியூஸ் கட்டை செய்யும் பீங்கான் கம்பெனியில் பதினாலு வருஷமாகச் சூளை பார்க்கிறேன். தை மாதத்தோடு அந்தக் கம்பெனியை மூடுகிறார்கள். ஜங்ஷன் ரோட்டில் பாண்டியன் என்பவர் புதுப் பீங்கான் கம்பெனி திறக்கிறார். சூப்பர்வைசர் தேடுகிறார். அந்த நாற்காலி எனக்கு வேண்டும்.

அன்றே முடிவெடுத்தேன். இனி நாலு பேரோடு பழகித் தொடர்பு வலை விரிப்பது. யூடியூபில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். நூறு விசிட்டிங் கார்டு அடித்தேன்.

என் மனைவி பூங்கோதையும் நானும் ஒரே வகுப்பில் பீங்கான் டிப்ளமோ படித்தவர்கள். அவளுக்கு என்னைவிடப் பதினோரு மார்க் அதிகம். இதை நான் வெளியில் சொல்வதில்லை. அவளும் வெளியில் சொல்வதில்லை. வீட்டில்தான் சொல்வாள்.

பாண்டியன் மகளுக்கு வளைகாப்பு என்று அழைப்பு வந்தது. பூங்கோதைக்குத்தான். பாண்டியன் மனைவியும் அவளும் வெள்ளிதோறும் பழமலைநாதர் கோயிலில் சேர்ந்து பிரகாரம் சுற்றுகிறவர்கள்.

நானும் வருவதாகச் சொன்னேன்.

"வளைகாப்புல உங்களுக்கு இன்னாங்க வேல?"

"வலை விரிக்கணும்."

"அது வலை இல்லீங்க, வளை."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் பீரோவைத் திறந்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி எடுத்துக் கொடுத்தாள். மரியாதையாக இருக்குமாம்.

மண்டபம் முழுக்கப் பெண்கள். ஆண்கள் என்று பார்த்தால், நானும் பந்தி பரிமாறுகிறவர்களும். அவர்களும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. முதல் கார்டை எடுப்பதற்குள் ஓர் அம்மா என் கையில் புளிசாத வாளியைக் கொடுத்துவிட்டார். மறுத்தால் உறவு கெடும். மூன்று பந்தி வைத்தேன். ஒவ்வொரு இலையிலும் குனிந்து, பதினாலு வருஷ அனுபவம் என்று சொல்லிவைத்தேன்.

"அதான் புளி சரியா இருக்குது" என்றார்கள்.

பூங்கோதை இரண்டு கையிலும் கண்ணாடி வளையலோடு பாண்டியன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னாள். "சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் இருக்குதான்னு அந்தம்மா கேட்டாங்க."

"என்னையச் சொன்னியா?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். நீங்க வாளியோட வந்தீங்க. இவர்தான் எங்க வூட்டுக்காரருன்னு எப்படிங்க சொல்றது?"

"அப்புறம்?"

"டிப்ளமோ படிச்சவங்க யாராச்சும் தெரியுமான்னாங்க. நானே படிச்சிருக்கேன்னேன். மார்க்கு கேட்டாங்க."

அடுத்த திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். புதன்கிழமை, சூளைக்கு ஓர் ஆள் தேவைப்படுவதாகத் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள். ஆள் எடுப்பது அவள் பொறுப்பாம்.

"தெரிஞ்சவங்கன்னு சும்மா எடுத்தா நாலு பேரு பேசுவாங்க. முறையா மனு எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

பெறுநர் என்ற இடத்தில் 'திருமதி பூங்கோதை, சூப்பர்வைசர் அவர்கள்' என்று எழுதினேன். கடைசியில் 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.