எட்டுத் தலைமுறைக் கரடி

ஒரு வருடமாவது கோப்பையை ராஸ்கோவின் கண்ணெதிரே வாங்கியே தீருவது என்று டெல்பர்ட் சபதம் செய்தார். ராஸ்கோ அவருக்குச் சகலை. பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. ஹம்போல்ட் மலையில் கஞ்சா வளர்க்கிறவர்கள் டிசம்பரில் நடத்தும் விழாவில் கோப்பையை வாங்கிக்கொண்டு, டெல்பர்ட் செடி நனைந்த நாய் மாதிரி நாறுகிறது என்று மைக்கில் சொன்னவன் ராஸ்கோ. சொன்னதைக்கூட மன்னிக்கலாம். அதற்கு நாலு பேர் சிரித்தார்கள். அந்த நாலு பேர் பெயரும் டெல்பர்ட்டுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

அன்றிலிருந்து ராஸ்கோ வீட்டுக் காற்றுகூட இந்தப் பக்கம் வரக்கூடாது. மனைவி ஐரீன் தன் தங்கை வெர்னாவைப் பார்க்க வேண்டுமென்றால், உப்பு வாங்கப் போவதாகச் சொல்லித்தான் கிளம்ப வேண்டும். அவள் இதுவரை வாங்கிய உப்பில் ஒரு கடலே செய்யலாம்.

டெல்பர்ட்டின் செடிக்குப் பெயர் கரடி. குட்டை உருவம், அகன்ற இலை, ஈரமண்ணும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. இரண்டு இழுப்பில் ஆள் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவான். எட்டுத் தலைமுறையாகக் கரடிக்குக் கரடிதான் மாப்பிள்ளை. மூடுபனி இறங்கினால் போதும், பூவெல்லாம் பூசணம்.

"சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டிக் குடுத்தா நோஞ்சானாத்தான் பொறக்கும்," என்றாள் ஐரீன். "ராஸ்கோ செடியப் பாரு. நெடுநெடுன்னு நிக்குது. ஆரஞ்சுத் தோலும் மிளகுமா மணக்குது. அதுல துளி மகரந்தம் வாங்கி..."

"அதுக்குத் தோட்டத்தையே கொளுத்திடலாம்," என்றார் டெல்பர்ட்.

ஐரீன் மேற்கொண்டு பேசவில்லை. அவள் பேசாவிட்டால் விஷயம் முடிந்தது என்று டெல்பர்ட் நினைத்தார். நாற்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்திய பிறகும் அப்படித்தான் நினைத்தார்.

ஆண் செடி தலைகாட்டினால் உடனே பிடுங்கிவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் பெண் செடி அத்தனையும் விதை பிடித்துக் கெட்டுப்போகும். விதைக்கென்று ஒரே ஒரு கிளையில் மட்டும் தூரிகையால் மகரந்தம் தடவி, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டுவார்கள். டெல்பர்ட்டுக்குக் கை நடுங்கும். அதனால் தூரிகை வேலை ஐரீனுடையது. அந்த வருடம் டப்பாவில் இருந்தது எந்த வீட்டு மகரந்தம் என்று அவர் கேட்கவில்லை. எந்த வீட்டு மகரந்தமும் மஞ்சள்தானே.

மறுவருடம் பதினெட்டுக் கன்று வந்தது. கூடப்பிறந்தவை என்றாலும் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. அதில் ஒன்று மட்டும் கரடியின் அகன்ற இலையோடு ஆள் உயரத்தைத் தாண்டியது. மூடுபனி வந்தது, போனது. பூசணம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பூவை விரலில் தேய்த்து முகர்ந்தால் முதலில் ஆரஞ்சுத் தோல், பிறகு மிளகு, அடியில் லேசாக மண்ணெண்ணெய்.

"எட்டுத் தலைமுறையா ரத்தத்துல ஒளிஞ்சிருந்த தெறம," என்றார் டெல்பர்ட்.

"ஆமா, ஒளிஞ்சுதான் வந்துச்சு," என்றாள் ஐரீன்.

உலர்த்திப் பதப்படுத்தி முதல் தடவை இழுத்த மத்தியானம் அவர் தூங்கவில்லை. உடம்பு கரடிபோல் அமர்ந்துவிட்டது. வாய் மட்டும் ஓடியது. அடுப்பைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு தட்டு சோளரொட்டி சாப்பிட்டார். வெர்னாவையும் வீட்டுக்காரரையும் ஒருநாள் சாப்பிடக் கூப்பிடலாமா என்று ஐரீன் கேட்டதற்கு, தாராளமாகக் கூப்பிடு என்றார். போதை இறங்கிய பிறகு, அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தார். ஐரீன் உப்பு வாங்கக் கிளம்பினாள்.

விழாவுக்குச் செடியின் தாய் எது, தகப்பன் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தாய் ஒரு வீடு, தகப்பன் ஒரு வீடு என்றால் இரண்டு வீட்டாரையும் மேடையேற்றுவது அங்கே வழக்கம். டெல்பர்ட் சொல்லச் சொல்ல ஐரீன் எழுதினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

நடுவர்கள் பெயர் ஒட்டாத ஜாடிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தார்கள். முதல் பரிசை அறிவித்தார்கள். தாய், டெல்பர்ட் வீட்டுக் கரடி. டெல்பர்ட் எழுந்து நின்று, அன்று சிரித்த நாலு பேரையும் தேடித் தேடிப் பார்த்தார். தகப்பன், ராஸ்கோ வீட்டு ஆண் செடி. டெல்பர்ட் உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி. இப்பவே போய் அது என் செடியே இல்லன்னு சொல்லிடறேன்."

"போய்ச் சொல்லு," என்றாள் ஐரீன். "கோப்பை மொத்தமும் ராஸ்கோவுக்கே போகட்டும்."

டெல்பர்ட் மேடையைப் பார்த்தார். கோப்பைக்கு இரண்டு கைப்பிடி. ஒன்றை ராஸ்கோ அதற்குள் பிடித்திருந்தான். எழுபத்தோரு வயதில் டெல்பர்ட் ஓடிப்போய் மற்றதைப் பிடித்தார்.

படம் எடுத்து முடிந்தும் இருவரும் கையை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒரே வண்டியில் ஏறினார்கள். பின்சீட்டில் நடுவே கோப்பை, ஆளுக்கொரு கைப்பிடி. முன்னால் ஐரீன் ஓட்ட, பக்கத்தில் வெர்னா பன்னிரண்டு வருடக் கதையைப் பேசிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் ஐரீன் காலையிலேயே நாலு தட்டு எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.