தாழ்ப்பாள் இல்லாத வேர்வை அறை

இக்கதையை நான் முதலில் கேட்டது ராஜாம்பாளிடம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான ஆண்டின் ஐப்பசியில், கச்சிராயபாளையம் சாலையில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஷேர் ஆட்டோவுக்குள் அவர் இதைச் சொன்னார். கதைக்குரிய தம்பதியரின் பக்கத்து வீட்டுக்காரர் அவர். பிற்பாதியில் அவரும் வருகிறார். முற்பாதியோ கணவரின் மனத்துக்குள் நடப்பது. அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அந்தாளு மூஞ்சிலயே எழுதி ஒட்டி இருக்கும்" என்றார். பின்னர் வேறு இருவரிடமும் கேட்டேன். முடிவு ஒன்றைத் தவிர மற்றவை பெரிதும் ஒத்திருந்தமையால், ராஜாம்பாளின் வடிவத்தையே இங்குத் தருகிறேன்.

கரும்பு விவசாயி சின்னராசுவுக்குக் குறை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நிலம் இருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. மகள் நல்ல இடத்தில் வாழ்ந்துகொண்டிருந்தாள். அவருக்கு இல்லாதது, யாரும் கூப்பிடாத அரைமணி நேரம்.

மனைவி ராணியம்மாள் தங்கமானவர். ஆனால் 'இன்னாங்க' என்ற சொல்லை நாக்கிலேயே வைத்துக்கொண்டு பிறந்தவர். சின்னராசு கொல்லைக்குப் போனால், "இன்னாங்க, வாளிய எங்க வெச்சீங்க?" குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே அதே குரல். வயலுக்குப் போனால் கைப்பேசியில். ஒருநாள் விடியற்காலைக் கனவுக்குள்ளேயே வந்து கூப்பிட்டாராம். திடுக்கிட்டு விழித்தால், கட்டிலருகே நின்று உண்மையாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

அந்தச் சமயத்தில் உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையோரம் ஒரு விடுதியை இடிக்கப் போவதாகச் செய்தி வந்தது. கட்டில் மலிவாகக் கிடைக்குமா என்று பார்க்கச் சென்றார் சின்னராசு. கதவு திறந்துகிடந்த ஒரு மர அறையை எட்டிப் பார்த்தார். மூலையில் மின்னடுப்பு, அதன்மேல் கருங்கற்கள். உட்கார்ந்துதான் பாருங்களேன் என்றான் காவலாளி.

"செல்ல மட்டும் வெளிய வெச்சிட்டுப் போங்க. சூட்டுல கெட்டுப்பூடும்."

வைத்துவிட்டுப் போனார். கல் காய்ந்தது. ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றியதும் ஆவி புஸ்ஸென்று எழுந்தது. வேர்த்தது. கள்ளக்குறிச்சிக்காரருக்கு வேர்வை ஒரு புதுமையா? புதுமை வேறிடத்தில் இருந்தது: யாரும் கூப்பிடவில்லை. வெளியே வந்து பார்த்தால் கைப்பேசித் திரை நிறைய ராணியம்மாளின் தவறிய அழைப்புகள். "ஒடம்புல இருக்கற நோவெல்லாம் பூடும்" என்றான் காவலாளி. அவருடைய நோவு இன்னதென்று அவனுக்குத் தெரியாது.

கட்டிலை மறந்தார். மின்னடுப்பையும் மரப்பலகைகளையும் வாங்கி டெம்போவில் ஏற்றச் சொன்னார். கற்களை மட்டும் வேண்டாம் என்றார்.

"கல்வராயன் மலைய வாசல்ல வெச்சிக்கினு, உளுந்தூர்பேட்டையிலேர்ந்து கல்லு ஏத்திக்கினு போனா ஊர்ல சிரிக்க மாட்டாங்க?"

வீட்டு வாசலில் டெம்போ நின்றது. ராணியம்மாள் வந்து பார்த்தார்.

"இன்னாங்க இது?"

"சௌனா. முதுகுவலிக்கு. உள்ள உக்காந்தா வேர்க்கும்."

"வெளிய நின்னா வேர்க்கலியா?"

"அது வெயில் வேர்வ. இது வைத்திய வேர்வ."

"சித்திர மாசத்துல வேர்க்கறதுக்கு மிஷின் வாங்கன ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்கதான். எனக்கு இன்னாவோ ஆளு உக்கார்ற இட்லி குண்டான் மாதிரிதான் தெரியுது."

"நீயெல்லாம் கிட்ட வரக் கூடாது. கரண்டு சமாச்சாரம்."

ராணியம்மாள் கணவரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். முதுகுவலிக்காரர் பாட்டை முணுமுணுத்தபடி பலகை தூக்குவதையும் பார்த்தார். உள்ளே போய்விட்டார். சின்னராசு அப்போதே சுதாரித்திருக்க வேண்டும் என்பது ராஜாம்பாளின் கருத்து.

மாட்டுக் கொட்டகையை ஒட்டியிருந்த பழைய உர அறைக்குள் மர அறை எழுந்தது. மின்வேலைக்குத் தங்கதுரை வந்தார். உரிமம் பெற்ற மின்பணியாளர். விடுதியில் இதே அடுப்பை முதலில் பொருத்தியவரும் அவரே.

"கெணத்து மோட்டர் லைன்லேர்ந்து இழுத்துக்கலாம் தங்கதுர. மூணு பேஸும் கீது, கரண்டும் இலவசம்."

"அது கரும்புக்குத் தண்ணி பாய குடுத்த கரண்டுங்க. உங்களுக்கு வேர்வ பாய குடுத்தது இல்ல. வூட்டு மீட்டருக்கு மூணு பேஸ் எழுதிக் குடுங்க. அங்கேர்ந்து இதுக்குன்னு தனி ஒயரு, கோளாறுன்னா தானா அணையற தனி டிரிப்பரு, நல்ல எர்த்து. வேற எதையும் அதுல சொருகக் கூடாது."

எழுதிக் கொடுத்து, இணைப்பு வந்து, எர்த்துக்குக் குழியும் தோண்டினார்கள். மின்னடுப்புக்கும் பலகைக்கும் இடையே சொன்ன இடைவெளி விட்டார்கள். கை தவறிப் படாமலிருக்கச் சுற்றிலும் மரச்சட்டம் அடித்தார்கள். குறித்த நேரத்தில் தானே அணையும் சுவிட்சும் வந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய சின்னராசு, கடைசியில் தம் நெஞ்சிலிருந்த ஒன்றைக் கேட்டார்.

"கதவுக்கு உள்பக்கமா நல்ல தாழ்ப்பாளா ஒண்ணு போட்டுடு."

"தாழ்ப்பா கூடாதுங்க."

"சின்னதா."

"ஊசி மொன அளவுக்கும் கூடாது. உள்ள மயங்கி வுழுந்தா எவன் தொறப்பான்? கதவு வெளிப்பக்கமா தொறக்கணும். தோளால தள்னா தொறந்துக்கணும்."

சின்னராசுவின் முகம் தொங்கிப்போயிற்று. மோட்சத்துக்குக் கதவு கிடைத்தது, தாழ் கிடைக்கவில்லை.

தாழ்ப்பாள் இல்லாத குறையை விதிகளால் நிரப்புவது என்று தீர்மானித்தார். மனைவி அந்தப் பக்கமே வரக்கூடாது. அதற்கு அச்சமூட்ட வேண்டும். தங்கதுரை சொன்னவற்றையெல்லாம் மனப்பாடம் செய்து, சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒப்பித்தார்.

"அடுப்பு மேல துணி காயப் போடக் கூடாது. வடகம், மொளகா எதுவும் காய வெக்கக் கூடாது. பத்திக்கும்."

"சரிங்க."

"பெரிய கல்லு கீழ, சின்ன கல்லு மேல. நெருக்கி அடுக்கக் கூடாது, நடுவுல காத்து போவணும். அடுப்புல காயற கம்பியும் வெளிய தெரியக் கூடாது."

"கம்பிக்கு நடுவுல கல்லத் திணிக்கவும் கூடாது. நேத்து சொன்னீங்க."

"தண்ணிய கொடத்தோட கவுக்கக் கூடாது. கல்லு காஞ்சப்புறம் ஒவ்வொரு அகப்பையா."

"வருஷத்துக்கு ஒரு தடவ கல்லையெல்லாம் எறக்கி, பொரிஞ்சி போனத வீசிட்டுத் திருப்பி அடுக்கணும். மோரு ஊத்தட்டுமா?"

அச்சத்துக்குப் பதிலாகப் பாடம் ஏறிக்கொண்டிருப்பதைச் சின்னராசு கவனிக்கவில்லை. அவர் நினைப்பெல்லாம் கல்லின்மேல் இருந்தது. வெள்ளிமலைக்குப் போகும் மாயவனின் ஜீப்பில் ஏறி, மலையோடை ஒன்றில் இறங்கி, வழவழவென்று உருண்டையாகக் கிடந்த கற்களை ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாங்க, ஓடக் கல்லா? தண்ணியில ஊறன கல்லு அடுப்புக்கு ஆவாதே. மலக்கோயில் பொங்கல்ல அடுப்புக் கல்லு வெடிச்சி என் பான தெறிச்சது மறந்துபோச்சா?"

"அது வெறகு அடுப்பு. இது கரண்டு அடுப்பு."

"கல்லுக்கு அது தெரியுமா?"

வெள்ளோட்ட நாளில் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே யாரையும் விடாமல், தங்கதுரை சுவிட்சைப் போட்டார். முதற்சூட்டின் வாடை போகும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்பது முறை. கற்கள் காய்ந்தன. சின்னராசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைபோல் வெளியே நின்றார்.

டப்.

ஒரு சில்லு கதவு வழியே பறந்து, கொட்டகையிலிருந்த அலுமினியக் குண்டானில் மோதியது. டப், டப். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு சாலைப் பக்கம் போயிற்று. தங்கதுரை சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினால் சின்னராசுவைக் காணவில்லை. வைக்கோற்போரின் உச்சியிலிருந்து குரல் வந்தது.

"நின்னுபோச்சா?"

"நின்னுபோச்சி. எறங்குங்க. கல்லுக்குள்ள ஈரம் இருந்தா சூட்டுல வெடிக்கத்தான் செய்யும். இதுக்குன்னு இருக்கற கல்லு வேணும். லாட்ஜ் கல்லு எங்க?"

லாட்ஜே இப்போது இல்லை, இடித்து வாரிவிட்டார்கள். சின்னராசு வைக்கோலோடு வைக்கோலாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பாடும் வீண். இனி ஆயுள் முழுக்க 'இன்னாங்க'தான்.

"அந்தக் கருங்கல்லு மூட்டைங்களா?" என்றார் ராணியம்மாள். "எரு குமி மேல தார்ப்பாய் பறக்காம இருக்க வெச்சிருக்கேன். டெம்போக்காரன் பாக்கி பலகைய எடுக்கத் திரும்பிப் போனான் பாருங்க, கல்லு அங்கயே கெடக்குதுன்னான், அதையும் எடுத்தாரச் சொல்லி அனுப்பனேன். அடுப்ப வித்தவன் கல்லையும் குடுக்கணும் இல்ல?"

சின்னராசு மனைவியைத் தெய்வத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கல்லக் குடுக்கறேன்" என்றார் ராணியம்மாள். "ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. தங்கதுர, இவரு மாதிரி பிரஷர் மாத்திர முழுங்கறவரு உள்ள தனியா உக்காரலாமா?"

"மொதல்ல டாக்டர கேக்கணும்க்கா. அவரு சரின்னாலும் கொஞ்ச நேரந்தான். கதவாண்ட ஒரு ஆளு உக்காந்து அப்பப்ப கொரல் குடுத்துக்கினே இருக்கணும்."

"அதுக்கு இன்னா, நான் கீறேன்."

மருத்துவர் அனுமதித்தார். கற்களைக் கழுவிக் காயவைத்து, விதிப்படி அடுக்கி, வெள்ளோட்டத்தையும் மறுபடி நடத்தி முடித்தார்கள். நல்ல நாளில் சின்னராசு உள்ளே போய் உட்கார்ந்தார். பலகை மணத்தது. வெப்பம் தோளில் கைபோட்டது. கண்ணை மூடினார்.

"இன்னாங்க."

கண்ணைத் திறந்தார்.

"இன்னாங்க, உயிரோட கீறீங்களா?"

"கீறேன்."

"மயக்கம் வருதா?"

"வர்ல."

"வந்தா சொல்லுங்க." சின்னராசு மறுபடி கண்ணை மூடினார். "இன்னாங்க, சொல்றதுக்கு முன்னாடியே மயக்கம் வந்துட்டா எப்படிச் சொல்லுவீங்க?"

"ராணி, செத்த நேரம் சும்மா இரேன்."

"நானா கூப்புடறேன்? சட்டம் கூப்புடச் சொல்லுது. அது போவட்டும், ஆடி மாசத்துக்குப் பொண்ண அழைக்கணும் இல்ல, மாப்பிள்ளைக்கு இன்னா எடுக்கலாம்?"

வழக்கமாக இப்படிப்பட்ட கேள்வி வந்தால் மாட்டைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விடுவார். இப்போது இடுப்புத் துண்டோடும் வேர்வையோடும் எங்கே போவது? மாப்பிள்ளையின் வேட்டி, கூரை ஓடு, சின்னராசுவின் தங்கை முன்னொரு கல்யாணத்தில் ராணியம்மாளிடம் முகம் கொடுத்துப் பேசாதது ஆகிய மூன்றும் அந்த ஒரே அமர்வில் தீர்மானமாயின. மூன்றும் ராணியம்மாளின் விருப்பப்படி.

சில நாள் இப்படியே கழிந்தது. பிறகு சின்னராசுவுக்கு ஓர் அருமையான யோசனை உதித்தது. தாம் உள்ளே, அவள் வெளியே என்பதில்தானே சங்கடம்? மாற்றிப் போட்டால்? உள்ளே வெந்துகொண்டிருப்பவள் கூப்பிட மாட்டாள். வெளியே நாற்காலி, காற்று, அமைதி.

"ராணி, உனக்கு முட்டிவலி ஆச்சே. நீ உக்காந்து பாரேன்."

"கரண்டு சமாச்சாரமாச்சே."

"நான் கீறேன் இல்ல. சுவிட்ச நான் பாத்துக்கறேன்."

"எனக்குத் தனியா பயமா இருக்குங்க. தொணைக்கு யாரையாவது கூப்ட்டுக்கட்டுமா?"

"தாராளமா."

மறுநாள் ராணியம்மாள், பக்கத்து வீட்டு ராஜாம்பாள், சேற்றில் குனிந்து குனிந்தே முட்டி தேய்ந்துபோன நடவாள் கொளஞ்சியம்மாள் ஆகிய மூவரும் உள்ளே போனார்கள். சின்னராசு கதவருகே நாற்காலி போட்டுக் காலை நீட்டினார். தென்னங்காற்று வீசியது. கண்ணை மூடினார்.

"இன்னாங்க, மணியப் பாத்துக்கினு கீறீங்களா?"

"கீறேன்."

"ண்ணா, வாளியில தண்ணி தீந்துபூச்சி" என்றது ராஜாம்பாளின் குரல்.

கொண்டுபோய்க் கதவிடுக்கில் வைத்தார். உட்கார்ந்தார்.

"மொதலாளி" என்றார் கொளஞ்சியம்மாள். "வெளிய சத்தமே காணம். உயிரோட கீறீங்களா?"

உள்ளே மூவரும் சிரித்தார்கள். இவ்விடத்தில் ராஜாம்பாளும் ஆட்டோவுக்குள் சிரித்துவிட்டதால், அடுத்துவந்த சில சொற்களை என்னால் குறித்துக்கொள்ள இயலவில்லை.

கொளஞ்சியம்மாளின் முட்டி இலேசானது என்ற செய்தி நடவு வயலெங்கும் பரவியது. மாலைதோறும் பெண்கள் வந்தார்கள். சுவிட்சும் கல்லும் அறிந்தவர்களில் வெளியே இருந்தவர் சின்னராசு ஒருவரே. கதவை விட்டு அகலக்கூடாது என்ற விதியை ஊருக்கே ஒப்பித்தவரும் அவரே. ஆண்டு திரும்பியதும் கற்களை இறக்கித் தட்டிப் பார்த்து, பொரிந்தவற்றைக் கழித்து, பெரியது கீழும் சிறியது மேலுமாக அடுக்கியபோது மேற்பார்வைக்குப் பெண்கள் சூழ நின்றார்களாம். "மின்ன அவர ஒருத்தி கூப்ட்டுக்கினு இருந்தா. இப்ப நாங்க எல்லாரும் கூப்புடறோம். அவ்ளோதான் வித்தியாசம்" என்று ராஜாம்பாள் கதையை முடித்தார்.

ஜீப் ஓட்டிய மாயவன் வெள்ளிமலையில் சொல்லும் வடிவம் இங்கே வேறுபடுகிறது. அதன்படி, ஒருநாள் பெண்களெல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். "இன்னிக்கி நீங்க போய் உக்காருங்க. கதவுல இருக்கற சின்னக் கண்ணாடி வழியா பாத்துக்கறேன். வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் ராணியம்மாள். சொன்னபடியே இருந்தார். சின்னராசு உட்கார்ந்தார். கல் காய்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. முதலில் புன்னகைத்தார். பிறகு காதைத் தீட்டினார். பிறகு பலகையில் நெளிந்தார். முடிவில் கதவைத் தள்ளிக்கொண்டு, வேர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்து நின்றார்.

"ராணி, கூப்ட்டியா?"

"இல்லியே" என்றார் அவர். "நீங்க எப்ப கூப்புடுவீங்கன்னுதான் உக்காந்துகினு கீறேன்."