வீட்டுக்காரிக்கு ஒரு மரியாதையான இத்தாலியன் மெசேஜ்

நேற்றைய வேலை ஒண்டுதான். ஹீட்டரைக் கூட்டச் சொல்லி மேல்வீட்டுக்கு ஒரு மெசேஜ் அனுப்போணும்.

நானும் அம்மாவும் பேஸ்மென்ற்றில வாடகைக்கு இருக்கிறம். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி மேல, வீட்டுக்கார ரீனாவின்ர சுவரில. ரீனா இத்தாலிக்காரி. இங்கிலீஷ் மட்டுமட்டு. அம்மாவுக்கு ஒரு கிழமையாய்க் குளிரும் இருமலும்.

"நீ யூனிவேசிற்றியில இத்தாலியன் படிச்சனியெல்லே? எழுதன்!" எண்டா அம்மா.

எங்கட குடும்பத்தில முதல் டிகிரி என்ரதான். அந்தப் பட்டத்தைப் பிரேம் போட்டு, ஹீட்டர் காத்து வாற ஓட்டைக்கு மேல சுவரில கொழுவியிருக்கு. மறுக்க முடியேல்லை.

ரெண்டு மணித்தியாலம் எழுதினன். படிப்பிச்ச மாதிரியே. 'மதிப்புக்குரிய அம்மையாருக்கு' எண்டு தொடங்கி, திகதி போட்டு, வசனத்துக்கு வசனம் முற்றுப்புள்ளி வைச்சு, கடைசியில முழுப்பெயர்.

அனுப்பினன். மேல ஏதோ விழுந்து உடைஞ்சது.

ரீனாவின்ர மகன் இறங்கி வந்தான். அவன் இங்கிலீஷில சொன்னது இதுதான்: "அம்மா அழுறா. நீங்கள் கோர்ட்டுக்குப் போறீங்களாம்!"

"ஐயோ, மரியாதையாய் எல்லோ எழுதினன்!"

"வட்ஸ்அப்பில ஆர் இப்பிடி எழுதிறது? நாங்கள் புள்ளியே வைக்கிறேல்லை. வைச்சா கோவம். திகதியும் முழுப்பெயரும் போட்டு எழுதிறது லோயர் மட்டும்தான். அம்மா ரெண்டாவது வரிக்கு மேல வாசிக்கேல்லை."

பத்துத்தரம் மன்னிப்புக் கேட்டன். அவன் போனாப்பிறகுதான் ஹீட்டரைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டு விளங்கிச்சு.

"முடிஞ்சுது. இனி எங்களை வீட்டை விட்டு எழுப்பப் போகினம்" எண்டா அம்மா.

விடுவனோ? இப்பத்தைய இத்தாலிப் பெடியள் எப்பிடி சாட் பண்ணுகினம் எண்டு தேடிப் படிச்சன். அரைச்சொல்லு, புள்ளியில்லை, மூண்டு சிரிப்பு முகம். அனுப்பினன்.

ரீனா என்னை புளொக் பண்ணிப்போட்டா.

அம்மா தன்ர ஃபோனை எடுத்து மைக்கை அமத்தினா.

"ரீனா, சரியாக் குளிருதம்மா, தாங்கேலாமக் கிடக்கு!"

சுத்தத் தமிழ். பிறகு மூண்டு இருமல். முதல் ரெண்டும் உண்மை.

அரை நிமிசத்தில ரீனாவின்ர நீளமான வொய்ஸ் மெசேஜ் வந்தது. இத்தாலியனில, மூச்சு விடாமல். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடேல்லை.

"கோவமோ அம்மா?"

"இல்லை. ஹீட்டரைக் கூட்டுறாவாம். சூப்பும் கொண்டு வாறாவாம்."

சூப் வந்தது.

என்ர டிகிரியும் இப்ப நல்ல சூடாய் இருக்கு.